எஸ்ஜிபிடி நார்மல், பிளேட்லெட் குறைவு: பெரம்பூர் நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளி 57 வயதுப் பெண். பெரம்பூரில் வீடு, கணவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை. இரண்டு முழங்காலிலும் வலி. மதுவைத் தொட்டதே இல்லை. காய்ச்சல் வந்து போன பிறகும் பிளேட்லெட் ஏறவில்லை என்று மகன் அழைத்து வந்தார். கல்லீரலைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டுகள் எல்லாம் பத்திரமாக ஒரு ஃபைலில் இருந்தன. கடைசி ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் 31. லேப் அச்சிட்டிருந்த வரம்பு 40.

இந்த நிகழ்வை விரிவாக எழுதக் காரணம், சென்னையில் இதே கதையை வேறு வேறு முகங்களில் பார்க்கிறேன். சர்க்கரை நோய் இருக்கும், குடிப்பழக்கம் இருக்காது, எஸ்ஜிபிடி ஒரு காலத்தில் கூடியிருந்து தானாகக் குறைந்திருக்கும். குறைந்ததே என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். நாள்பட்ட கல்லீரல் நோயில் அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

காய்ச்சலும் பிளேட்லெட்டும்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் சென்னையில் காய்ச்சல் என்றாலே டெங்குதான் முதலில் நினைவுக்கு வரும். இவருக்கும் டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை செய்தார்கள், நெகட்டிவ். ஆனால் பிளேட்லெட் 96,000. நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச் சாறு, தினமும் ஒரு ரத்தப் பரிசோதனை என்று ஒரு வாரம் போனது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பிளேட்லெட் மட்டும் விட்ட இடத்திலேயே நின்றது: ஒரு வாரம் கழித்து 1,02,000, ஒரு மாதம் கழித்து 1,08,000.

டெங்குவோ வேறு வைரஸ் காய்ச்சலோ, உடம்பு தேறும்போது பிளேட்லெட்டும் பொதுவாக ஒரு வாரம் பத்து நாளில் ஏறிவிடும். ஒரு மாதமாகியும் ஏறாவிட்டால், காய்ச்சலுக்கு முன்பே அது குறைவாக இருந்ததா என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு முன் ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டோம். சிலருக்குச் சோதனைக் குழாயில் உள்ள ரசாயனத்தால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் குறைவாக எண்ணிவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பரப்பி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் உண்மையாகவே குறைவு என்று தெரிந்தது. வெள்ளை அணுக்களும் சற்றுக் குறைவு, 3,900. பி12 வைட்டமின் சரியாக இருந்தது.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது, மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொன்னால் இடது விலா எலும்புக்குக் கீழே மண்ணீரலின் நுனி விரலில் தட்டியது. கல்லீரலில் தழும்பு ஏறி ரத்த ஓட்டம் தடைபட்டால் மண்ணீரல் பெரிதாகும், பிளேட்லெட்டுகளைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். நடு வயிற்றில், நெஞ்செலும்புக்குக் கீழே, கல்லீரலின் விளிம்பு கெட்டியாக இருந்தது. உள்ளங்கைகள் ஓரத்தில் சிவந்திருந்தன. கால் வீக்கம் இல்லை, வயிற்றில் நீர் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. எடை 68 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர், இடுப்புச் சுற்றளவு 96. இந்தியப் பெண்களுக்கு 80 என்பதுதான் வரம்பு.

ஃபைலில் இருந்த மூன்று ரிப்போர்ட்டுகள்

மூன்று தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

51 வயதில்: எஸ்ஜிஓடி 58, எஸ்ஜிபிடி 72, ஆல்புமின் 4.3, பிளேட்லெட் 2,04,000.
54 வயதில்: எஸ்ஜிஓடி 49, எஸ்ஜிபிடி 44, ஆல்புமின் 3.9, பிளேட்லெட் 1,52,000.
57 வயதில், காய்ச்சல் விட்டு ஒரு மாதம் கழித்து: எஸ்ஜிஓடி 47, எஸ்ஜிபிடி 31, ஆல்புமின் 3.4, பிளேட்லெட் 1,08,000.

“எஸ்ஜிபிடி நல்லா குறைஞ்சிருக்கே டாக்டர், அப்புறம் எப்படி லிவர் பிரச்சினைன்னு சொல்றீங்க?” என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. 72, 44, 31 என்ற வரிசையை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தடித்த எழுத்தில் அச்சாகும் எண்ணை மட்டும் பார்ப்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன வாசிப்பு. 2,04,000 எப்படி 1,08,000 ஆனது என்பதை ஒற்றைத் தாள் காட்டாது. 54 வயதில் வந்த 1,52,000 ‘நார்மல்’ கட்டத்துக்குள்தான் இருந்தது; அதற்கு முன் மூன்று ஆண்டுகளில் கால் பங்கு குறைந்திருந்தது என்பது முந்தைய தாளைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருந்து வேலை செய்யும் என்சைம்கள். இப்போது பல லேப்கள் இவற்றை ஏஎல்டி, ஏஎஸ்டி என்று அச்சிடுகின்றன, பொருள் ஒன்றுதான். செல் அடிபட்டால், அதன் சுவர் கசிந்தால், இவை ரத்தத்தில் கலக்கும். கலந்தவை வெகுநாள் தங்குவதில்லை. ரத்தத்தில் எஸ்ஜிபிடியின் அரைவாழ்நாள் சுமார் 47 மணி நேரம், எஸ்ஜிஓடியுடையது சுமார் 17 மணி நேரம். ஆகவே இந்த எண்கள் சொல்வது இந்த வாரத்துச் சேதத்தை. பத்து ஆண்டுகளாகக் கல்லீரலில் படிந்த தழும்பு எவ்வளவு என்று இவற்றுக்குத் தெரியாது. தழும்பு கூடிக்கொண்டே போய், அடிபடுவதற்கு மிச்சமிருக்கும் நல்ல செல்கள் குறையும்போது கசிவும் குறையும். விறகு தீர்ந்த அடுப்பில் புகை குறைவதைப் போல. கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய சிரோசிஸ் என்ற நோய் முற்றிய நிலையிலும் எஸ்ஜிபிடி 25, 30 என்று வருவது இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். லேப்கள் அச்சிடும் 40 என்ற வரம்பு தாராளமானது. 2017இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 29 முதல் 33 வரை, பெண்களுக்கு 19 முதல் 25 வரை என்று எஸ்ஜிபிடியின் உச்ச வரம்பைக் குறித்திருக்கிறார்கள். பழைய வரம்புகள் ‘ஆரோக்கியமானவர்கள்’ என்று கருதியவர்களை வைத்துப் போட்டவை. அவர்களில் கொழுப்புக் கல்லீரல் இருப்பது தெரியாமலே இருந்தவர்களும் கலந்திருந்தார்கள். அந்தக் கணக்கில் இவருடைய 31 கூட முழு நார்மல் ஆகாது. அதற்காக 31 வந்த ஒவ்வொருவரும் பயந்து ஓடி வர வேண்டும் என்று சொல்லவில்லை. சர்க்கரை நோயும் பெரிய இடுப்புச் சுற்றளவும் உள்ளவர் அந்த எண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆக வேண்டாம், அவ்வளவுதான்.

விகிதம்

எஸ்ஜிஓடியை எஸ்ஜிபிடியால் வகுத்தால் வரும் விகிதத்தை இத்தாலிய மருத்துவர் ஃபெர்னாண்டோ டி ரிட்டிஸ் 1957இலேயே எழுதினார். நம் நோயாளிக்கு அந்த விகிதம் 0.8, பிறகு 1.1, இப்போது 1.5. கொழுப்புக் கல்லீரலின் ஆரம்பக் கட்டத்தில் எஸ்ஜிபிடிதான் கூடுதலாக இருக்கும். தழும்பு கூடக்கூட விகிதம் ஒன்றைத் தாண்டும். இரண்டைத் தாண்டினால் மதுவால் வந்த அழற்சியை நினைப்போம். மது குடிப்பவர்களுக்கு பி6 வைட்டமின் குறைந்துவிடும், அது இல்லாமல் எஸ்ஜிபிடி சரியாக உருவாகாது, விகிதம் எகிறும்.

எஸ்ஜிஓடி கல்லீரலுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. 1954இல் இதை முதன்முதலில் நோயறிய முன்வைத்ததே மாரடைப்புக்காகத்தான். தசை, இதயம், ரத்தச் சிவப்பணு எல்லாவற்றிலும் உண்டு. அதனால் இவருக்கு சிபிகே என்ற தசை என்சைமையும் பார்த்தோம், சரியாக இருந்தது. ஜிம்முக்குப் போகும் இளைஞருக்கு எஸ்ஜிஓடி 90 வந்து வீடே கலங்கும்போது முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் என்சைம் 64. மகன் தயங்கித் தயங்கி, “ஜிஜிடி கூடினா குடிக்கிறவங்கன்னு போட்டிருக்கே டாக்டர்” என்றார். மது கூட்டும், உண்மைதான். ஆனால் கொழுப்புக் கல்லீரலும் கூட்டும், வலிப்பு மாத்திரையும் கூட்டும், பித்தக்குழாய் அடைப்பும் கூட்டும். ஒரு பெண்மணியை இந்த ஓர் எண்ணை வைத்துச் சந்தேகிப்பது அநியாயம். அதை அம்மாவின் எதிரிலேயே சொன்னேன்.

யாரும் பார்க்காத வரி ஒன்று அதே தாளில் இருந்தது: ஏ/ஜி, அதாவது ஆல்புமின்-குளோபுலின் விகிதம். மொத்தப் புரதம் 7.6, அதில் ஆல்புமின் 3.4, குளோபுலின் 4.2. ஆல்புமினைக் கல்லீரல்தான் செய்கிறது, குளோபுலினின் பெரும்பகுதியை நோய் எதிர்ப்பு அணுக்கள் செய்கின்றன. முன்னது குறைந்து பின்னது ஏறித் தலைகீழாகிவிட்டது. மொத்தப் புரதம் ‘நார்மல்’ என்பதால் கண்ணில் படவில்லை.

கணக்கு

கல்லீரல் தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 என்ற கணக்கு 2006இல் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்து இருந்த நோயாளிகளை வைத்து உருவானது. பிறகு கொழுப்புக் கல்லீரலுக்கும் கைகொடுக்கிறது என்று தெரிந்தது. தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். எல்லா மாஸ்டர் செக்கப்பிலும் இருக்கும் எண்களே போதும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்துக்கொண்டு, அதை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். இவருக்கு 57 பெருக்கல் 47, அதாவது 2,679. கீழே 108 பெருக்கல் 5.57, அதாவது சுமார் 601. விடை 4.5. பழைய தாள்களுக்கும் போட்டுப் பார்த்தோம்: 51 வயதில் 1.7, 54 வயதில் 2.6.

1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேலே போனால் வாய்ப்பு அதிகம். நடுவில் இருப்பவர்களுக்கு அடுத்த பரிசோதனை தேவை. 65 வயதுக்கு மேல் கீழ் வரம்பை 2 என்று வைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் வயதே கணக்கை ஏற்றிவிடும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது.

காய்ச்சலின் நடுவிலும் போடக் கூடாது. காய்ச்சலின்போது இவருக்கு எஸ்ஜிஓடி 112, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 96,000. அதை வைத்துப் போட்டால் 8.3 வரும். டெங்கு நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு எஸ்ஜிஓடி ஏறும், பிளேட்லெட் இறங்கும். நல்ல கல்லீரல்கூடச் சிரோசிஸ் போலத் தோன்றும். ஒரு மாதம் காத்திருந்தது அதற்காகத்தான்.

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வில் மிகவும் வருத்தமான எண் 4.5 இல்லை, 51 வயதில் வந்த 1.7. அப்போதே யாராவது கணக்குப் போட்டு கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்பியிருக்கலாம். கொழுப்புக் கல்லீரலுக்கென்று அமெரிக்காவில் 2024இல் ரெஸ்மெடிரோம் என்ற மருந்தும் 2025இல் செமாகுளூடைடு என்ற மருந்தும் அனுமதி பெற்றன. இரண்டுமே நடுத்தரமும் முற்றியதுமான தழும்புக்குத்தான், சிரோசிஸ் வந்தவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. எடைக் குறைப்பின் பலனும் முன்கூட்டியே தொடங்கினால்தான் முழுசாகக் கிடைக்கும். சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும், எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தாலும், ஃபிப்-4 போட்டுப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. நம் ஊர் லேப்கள் அந்த ஒரு வரியை ரிப்போர்ட்டின் அடியில் அச்சிட்டாலே பாதிப் பேரை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்ற பரிசோதனைகள்

ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ். சர்க்கரை நோயாளி என்றவுடன் கொழுப்புக் கல்லீரல் என்று முடிவு கட்டிவிட்டு இவற்றை விட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் நல்ல மருந்து உண்டு, 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்பணுக்களைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை லேசாக பாசிட்டிவ். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் கணிசமானோருக்கு இப்படி வரும். மற்ற எதிர்ப்பணுக்களும், ஐஜிஜி என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தின் அளவும் தன்னெதிர்ப்பு நோய்க்கு ஆதரவாக இல்லை. உடம்பில் இரும்பு மிகையாகச் சேரவில்லை. சூரணம், லேகியம், ‘இம்யூனிட்டி’ பொடி எதுவும் சாப்பிடவில்லை என்று மூன்று விதமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

அல்ட்ராசவுண்டில் கல்லீரலின் மேற்பரப்பு கரடுமுரடு, மண்ணீரல் பெரிதாகி 14.2 சென்டிமீட்டர். ஆறு ஆண்டுகளுக்கு முன் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று இருந்தது இப்போது இல்லை. சிரோசிஸ் ஆகும்போது கொழுப்பும் கரைந்து போவதுண்டு, அதையும் முன்னேற்றம் என்று படித்துவிட வாய்ப்பு இருக்கிறது. ஃபைப்ரோஸ்கேன் 21.4 கிலோபாஸ்கல். 20க்குக் கீழே இருந்து, பிளேட்லெட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடலாம் என்று 2015இல் பவேனோ என்ற கல்லீரல் நிபுணர்கள் கூட்டத்தில் வகுத்தார்கள். இவருக்கு இரண்டும் பொருந்தவில்லை. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் அடியில் ரத்தக்குழாய்கள் சிறிதாகப் புடைத்திருந்தன. ரத்தம் கசியும் அறிகுறி இல்லை. இவ்வளவும் ஒரே திசையை, கொழுப்புக் கல்லீரலால் வந்த சிரோசிஸை, காட்டியதால் பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படவில்லை.

மஞ்சள் நிறமியான பிலிருபின் 1.3, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.2, கிரியாட்டினின் 0.8. சைல்டு-பக் கணக்கில் 6 புள்ளி, ஏ பிரிவு (லேசான நிலை); மெல்டு என்ற கணக்கில் 9. இங்கே கவனிக்க வேண்டியது: நோயின் கடுமையை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் இந்த இரண்டு கணக்கிலும் எஸ்ஜிபிடியும் இல்லை, எஸ்ஜிஓடியும் இல்லை. ஆல்புமின், பிலிருபின், ஐஎன்ஆர், வயிற்றில் நீர், மூளைக் குழப்பம், சிறுநீரகம் இவைதான். கல்லீரல் மாற்று அறுவைக்கான வரிசையில் ஒருவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதை முடிவு செய்வதில் என்சைம்களுக்குப் பங்கே இல்லை.

சிகிச்சை

கார்வெடிலால் 6.25 மில்லிகிராமில் தொடங்கி 12.5க்கு ஏற்றினோம்; கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் அழுத்தத்தைக் குறைக்கும், ரத்தக் கொதிப்புக்கும் ஆகும் என்பதால் பழைய மாத்திரையை நிறுத்தினோம். கொலஸ்ட்ரால் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதால் அவரே நிறுத்தியிருந்தார். ஏ பிரிவில் ஸ்டாட்டின் பாதுகாப்பானது, அதைத் திரும்பத் தொடங்கினோம். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை அன்றே நிறுத்தச் சொன்னேன். சிரோசிஸ் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக் கசிவையும் வரவழைக்கும். பாராசிட்டமால்தான் கல்லீரலுக்கு ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். நாளைக்கு 2 கிராமைத் தாண்டாத வரை இந்த நிலையில் அதுதான் பாதுகாப்பான வலி மாத்திரை.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.4 என்று இருந்தது. மண்ணீரல் பெரிதானவருக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் இந்த எண் பொய்யாகக் குறையும். வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது சாப்பிட்ட பின் 220, 240 என்று வந்தது. விடியற்காலையில் ஓரிரு முறை 70க்குக் கீழே இறங்கியது. கிளிமிபிரைடை எடுத்துவிட்டு மருந்தை மாற்றினோம்.

சாப்பாட்டில்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது. கல்லீரல் நோய் என்று தெரிந்த அன்றே வீட்டில் பத்தியம் ஆரம்பித்துவிட்டார்கள்: எண்ணெய் இல்லை, பருப்பு இல்லை, முட்டை இல்லை, ரசம் சாதமும் இளநீரும். இது சரியில்லை. சிரோசிஸில் தசை கரைவதுதான் பெரிய ஆபத்து. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். காலையில் இரண்டு முட்டை, மதியம் கட்டியான சாம்பாரும் மீனும், மாலையில் சுண்டல், சோற்றின் அளவு பாதி. இரவு வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் போகக் கூடாது, படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் கைப்பிடி வேர்க்கடலையும். ஃபில்டர் காபியை நிறுத்த வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், சர்க்கரையை மட்டும் நிறுத்துங்கள் என்றேன். காபி குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது.

கீழாநெல்லி பற்றியும் கேட்டார்கள், கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக அதை ஆராய்ந்து 1988இல் லான்செட் இதழில் எழுதியது. பின்னர் வந்த ஆய்வுகள் அந்தப் பலனை உறுதிப்படுத்தவில்லை. சிரோசிஸுக்கு அது மருந்து என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று நேராகச் சொன்னேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும். கல்லீரல் புற்றுநோயைச் சிறிதாக இருக்கும்போதே பிடிக்க. இதை என்சைம் பரிசோதனையை வைத்துத் தள்ளிப்போட முடியாது.

ஓர் ஆண்டு கழித்து எடை 62.5 கிலோ. ஆல்புமின் 3.7, பிளேட்லெட் 1,14,000, ஃபைப்ரோஸ்கேன் 17.8. வயிற்றில் நீர் இல்லை, ரத்த வாந்தி இல்லை, கட்டி எதுவும் இல்லை. எஸ்ஜிபிடி 24. அதை இப்போது வீட்டில் யாரும் முதலில் பார்ப்பதில்லை. ஆல்புமினைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

மகனுக்கு 31 வயது, ஓஎம்ஆரில் வேலை, எடை 91 கிலோ. அம்மாவுக்குச் சிரோசிஸ் என்றவுடன் அவருக்கும் பார்த்தோம். எஸ்ஜிபிடி 88, எஸ்ஜிஓடி 46, பிளேட்லெட் 2,62,000. தன் எண் அம்மாவுடையதைவிட மூன்று மடங்கு என்று பார்த்து ஆடிப்போய்விட்டார். அவருடைய வயதுக்கு ஃபிப்-4 பொருந்தாது என்பதால் நேராக ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம்: 6.1. கொழுப்பு நிறைய, தழும்பு இல்லை. அவருடைய கல்லீரல் இன்று அடிபட்டுக்கொண்டிருக்கிறது, அதைத்தான் 88 சொல்கிறது. திரும்பி வர இன்னும் முழு வழியும் திறந்திருக்கிறது. பத்து சதவீத எடை, அதாவது ஒன்பது கிலோ, குறைக்க வேண்டும். இரவு பதினோரு மணி பிரியாணியும் குளிர்பானமும் நிற்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் டோஸ் அன்றே போட்டோம். அடுத்த ஃபைப்ரோஸ்கேன் இரண்டு ஆண்டுகள் கழித்து.